அந்தப் பிளாஸ்டிக் பிஸ்டலில ஒரு பிழையும் இல்லை

ஹனோவரில இருந்து பஸ்ஸில ஒரு மணித்தியாலம் தள்ளியிருக்கு எங்கட சின்ன ஊர். இங்க ஒரு சூட்டுச் சங்கம் இருக்கு. வியாழக்கிழமைகளில ஆக்கள் கூடி, அட்டையில வட்டம் பாத்துச் சுட்டுப்போட்டு, கோப்பி குடிச்சுக் கதைச்சு வீட்டை போவினம். மற்ற ஊர்ச் சங்கங்களில இப்ப பாக்கிற பக்கமெல்லாம் பிளாஸ்டிக் உடம்பு வைச்ச பிஸ்டல்தான். எங்கட ஊரில மட்டும் அதைத் தொடமாட்டினம். புதுசா வந்த ஆள் ஆராவது ஒண்டை வாங்கிக்கொண்டு வந்தால், "உது எங்கட மைஸ்ரரைத் திண்ட சாமான்" எண்டு முகத்துக்கு நேர சொல்லுவினம். அதுக்கு அப்பிடி ஒரு பேர் வந்ததுக்குக் காரணம் நான்.

போன மாசம் துவக்குக் கடையின்ர புது முதலாளி ரெலிபோன் எடுத்தார். "அன்ரோன், நீங்கள் முப்பது வருசம் இந்தக் கடையில இருந்தனீங்கள். உந்த மாதிரிப் பிஸ்டலைச் சில பேர் ஏன் தலையில தூக்கி வைச்சு ஆடுகினம், சில பேர் ஏன் காறித் துப்புகினம் எண்டு அரைப் பக்கம் எழுதித் தாங்கோவன். கடையில வேலை செய்யிற ஆக்களுக்கு உதவும். முடிவில மைஸ்ரரின்ர கதையையும் ரெண்டு வரி போடுங்கோ, ஒரு எச்சரிக்கையா இருக்கட்டும்" எண்டார்.

அரைப் பக்கம் டொச்சில, அதுதான் ஜேர்மன் பாசையில, எழுதிக் குடுத்தன். மைஸ்ரரின்ர கதையைப் போடேல்லை. ஏன் எண்டு கேட்டதுக்கு இடம் காணேல்லை எண்டு சொல்லிச் சமாளிச்சன். மிச்சம் இது. இதைத் தமிழில எழுதிறன். இதை வாசிக்கக் கூடாத ஆளுக்குத் தமிழ் தெரியாது.

என்ர பேர் அந்தோனிப்பிள்ளை. மன்னார்ப் பக்கம். போட் எஞ்சின் திருத்துற வேலை செய்தனான். அகதியா இங்க வந்து சேர்ந்த பிறகு கிடைச்ச முதல் வேலை இதே சூட்டுச் சங்கத்தில நிலம் கூட்டுறது. சுட்ட வெறுங்கோதுகள் நிலமெல்லாம் கிடக்கும். அதை அள்ளி வாளியில போடவேணும். முதல் நாள் ஆரோ ஒராள் சுட்டார். நான் தும்புத்தடியோட நிலத்தில குப்புறப் படுத்திட்டன். யோசிச்சுப் படுக்கேல்லை, உடம்பு தானாப் படுத்திட்டுது. எழும்பேக்க வெக்கமெண்டால் வெக்கம், சொல்லி வேலையில்லை.

ஒரு மனுசன் தன்ர பிஸ்டலைத் திறந்து மேசையில வைச்சுப்போட்டு வந்து எனக்குப் பக்கத்தில முழங்காலில இருந்தார். எனக்கு அப்ப டொச் அரைகுறை. ஆனால் அந்தாள் ஆறுதலாச் சொன்னது விளங்கினது. "இனி நான் சுட முதல் உமக்குச் சொல்லுவன்." அண்டையில இருந்து ஒவ்வொரு தரமும் சுட முதல் திரும்பி என்னைப் பாத்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். நானும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால்தான் அங்கால திரும்புவார். எனக்குச் சத்தம் பழகின பிறகும் ஒரு வருசம் மட்டும் அதை விடேல்லை. அவர்தான் மைஸ்ரர், டொச்சில தொழில் ஆசானை அப்பிடித்தான் சொல்லுவினம். ஊரில இருந்த ஒரே துவக்குத் திருத்துற கடை அவற்ற. அவருக்கு ஒரு பேர் இருந்தது, கார்ல். நான் ஒருநாளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் அன்ரோன். எங்களுக்குள்ள கதை முழுக்க டொச்சிலதான் நடந்தது, ஆனால் எனக்கு எல்லாம் தமிழிலதான் ஞாபகம் இருக்கு. அதுவும் "நீர்" எண்டுதான் கேக்குது.

சங்கக் கதவின்ர கொண்டியைத் திருத்த நான் அரம் பிடிக்கிறதை ஒருநாள் பாத்துப்போட்டு, கடைக்கு வந்து பின்பக்கம் வேலை செய்யச் சொன்னார். மனிசியிட்டச் சொன்னன். "விசரே உங்களுக்கு? துவக்குச் சத்தம் கேக்காத நாடு தேடிக் கடல் தாண்டி வந்திட்டுத் துவக்குக் கடையில வேலையோ?" எண்டு கேட்டா. கேட்டதில பிழை இல்லை. எண்டாலும் போனன். பேப்பர் எடுத்து, நாட்டுரிமை எடுத்து, நாப்பது வயதை எட்டிப்பிடிக்கேக்க அவுஸ்பில்டுங் எண்டுற தொழிற்பயிற்சி செய்தன். கூடப் படிச்ச பெடியள் "அப்பா" எண்டு பகிடி பண்ணினாங்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுத இதுக்கு மேல ஒண்டும் இல்லை. படிச்சதெல்லாம் பள்ளிக்கூடத்தில, பழகினதெல்லாம் மைஸ்ரரிட்ட.

அவர் சத்தம் போடாத மனுசன். பிழை விட்டால் ஏசமாட்டார், திரும்பச் செய்விப்பார். கடையில ஒரே ஒரு சட்டம். ஒரு துவக்கு கை மாறினால், குடுக்கிறவர் ரவை அடுக்கிற மகசீனைக் கழட்டி, மேலிரும்பைப் பின்னுக்கு இழுத்து, திறந்தபடிதான் குடுக்கவேணும். மேலிரும்பு எண்டு நான் சொல்லுறது பிஸ்டலுக்கு மேல முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுற பாகத்தை. வாங்கிறவர் ரவை இருக்கிற அறைக்குள்ள குனிஞ்சு பாக்கவேணும். பாத்தால் மட்டும் காணாது. சின்னவிரலை அறைக்குள்ள விட்டுத் தடவிப் பாக்கவேணும்.

"கண் தான் பாக்க விரும்புறதைத்தான் பாக்கும். விரலுக்கு விருப்பு வெறுப்பில்லை" எண்டுவார்.

முதல் கிழமை, என்ர கண் முன்னால திறந்து ஒரு பிஸ்டலைத் தந்தார். நான் வாங்கி மேசையில வைச்சன். அவர் எடுத்து, மூடித் திரும்பத் திறந்து தந்தார். நான் வைச்சன். திரும்ப எடுத்தார். நாலாம் தரமோ அஞ்சாம் தரமோதான் எனக்கு உறைச்சுது. விரலை விட்டுப் பாத்தன். "ம்" எண்டார்.

எனக்குக் கொஞ்சம் கோபம். "நீங்கள் இப்பதானே என்ர கண் முன்னால திறந்தனீங்கள்" எண்டன்.

"நீர் கத்தோலிக்கர்தானே?"

"ஓம்."

"பாப்பரசர் வந்து தந்தாலும் விரலை விடும்."

"மைஸ்ரர் தந்தால்?"

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு சொன்னார், "மைஸ்ரர் தந்தால் ரெண்டு தரம். மரியாதையாலதான் கனபேர் செத்தவை."

சரி, பிஸ்டல் கதைக்கு வாறன். இரும்புப் பிஸ்டல்காரர் ஒரு சாதி, பிளாஸ்டிக்காரர் இன்னொரு சாதி. ரெண்டு பேரையும் ஒரு மேசையில இருத்தினால் கோப்பி ஆறிப்போகும், வாய் ஓயாது. மைஸ்ரர் இரும்புச் சாதி. அவற்ற பிஸ்டல் முழு உருக்கு, பழைய அமைப்பு. பின்னுக்கு ஒரு சின்னச் சுத்தியல் நிமிந்து நிக்கும். அது நிமிந்திருந்தால் ஆயத்தம், படுத்திருந்தால் இல்லை, தூரத்தில நிண்டே சொல்லிப்போடலாம். பெருவிரலுக்கு ஒரு பூட்டு. கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சால்தான் விடுற இன்னொரு பூட்டு. விசையை அமத்தினால் காஞ்ச ஈர்க்கு முறியிற மாதிரி டக் எண்டு விடும். அந்த ஒரு "டக்"குக்காகவே அந்தப் பாரத்தைத் தூக்கிச் சுமக்கிற ஆக்கள் இருக்கினம். நானும் சுட்டிருக்கிறன். பொய் சொல்லக்கூடாது, அது ஒரு சுகம்தான்.

பிளாஸ்டிக் பிஸ்டலில சுத்தியல் வெளியில தெரியாது. அடிக்கிற ஊசி உள்ளுக்கையே ஒளிச்சிருக்கும். பெருவிரல் பூட்டு இல்லை. விசையின்ர நடுவில ஒரு சின்ன நாக்கு, அதையும் சேத்து அமத்தினால்தான் போகும். "அதின்ர முகத்தில ஒண்டும் தெரியாது அன்ரோன். நல்ல மனநிலையோ கெட்ட மனநிலையோ எண்டு எப்பிடி அறியிறது?" எண்டு மைஸ்ரர் கேப்பார்.

ஆனால் வாங்க வாற சனம் அதைத்தான் கேக்கும். பாரம் குறைவு. கறள் பிடிக்காது. ரவை கூடக் கொள்ளும். முதல் வெடிக்கும் கடைசி வெடிக்கும் விசை ஒரே மாதிரி. உள்ளுக்குப் பாகங்கள் கொஞ்சம்தான், உடைஞ்சாலும் மாத்திறது லேசு. மறந்துபோறதுக்கு ஒரு பூட்டே இல்லை எண்டது கனபேருக்குப் பெரிய நிம்மதி. ஆஸ்பத்திரியில தாதியா இருந்த ஒரு பெண் சொன்னா, "நாள் முழுக்கப் பொத்தான் அமத்திற வேலை எனக்கு. இதிலயாவது ஒண்டும் இல்லாமல் இருக்கட்டும்." இன்னொரு பக்கம், இறைச்சிக்கடைக்காரர் ஒருத்தர் வாங்கி மூண்டு மாசத்தில திருப்பிக் கொண்டு வந்தார். விசை நனைஞ்ச பாணை அமத்தின மாதிரி இருக்காம். பிடி ஆற்றையோ கைக்குச் செய்ததாம். "நல்லாத்தான் சுடுது, சுவரில ஓட்டை போடுற மெஷினும் நல்லாத்தான் வேலை செய்யுது. அதுக்காக அதைக் கையில வைச்சு அழகு பாக்கேலுமோ?" எண்டார். ரெண்டு பேரும் சொன்னது உண்மை. ரெண்டையும் அரைப் பக்கத்தில எழுதியிருக்கிறன்.

மைஸ்ரருக்குப் பெரிய கோபம் வேற ஒண்டில. அந்த மாதிரிப் பிஸ்டல் கனக்கவற்றைக் கழட்டித் துடைக்கிறதெண்டால், முதல் விசையை ஒருக்கா அமத்தவேணும். அமத்தினால்தான் மேலிரும்பு கழரும். இரும்புப் பிஸ்டலில அந்தத் தேவை இல்லை. "துடைக்கிறவனைப் பாத்து முதல் சுடு எண்டு சொல்லுற துவக்கு" எண்டு மைஸ்ரர் சொல்லுவார். மகசீனைக் கழட்டியாச்சு, இனிப் பயமில்லை எண்டு நினைக்கிற மடையன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான். அறைக்குள்ள முதலே ஏறிக் கிடக்கிற ஒரு ரவை மகசீனோட வெளியில வராது. அவன் நம்பி அமத்துவான். அந்தக் காரணத்துக்காகத்தான் விரலை விடச் சொல்லி அந்தாள் முப்பது வருசம் தொண்டை வரளக் கதைச்சது. இந்தப் பந்தியை நல்லா ஞாபகம் வைச்சிருங்கோ.

மைஸ்ரரின்ர மனிசி செத்த பிறகு, அவற்ற கைமூட்டில வாதம் வந்தது. மேசை வேலையை நான் பாத்தன். அவர் வந்து ஒரு மூலையில இருந்து சனத்தோட கதைப்பார். வியாழக்கிழமைகளில இரும்புப் பிஸ்டலைத் தூக்கினால் மூண்டாம் வெடிக்கே கை தாழும். அட்டையில வெடி எல்லாம் அடிப்பக்கத்தில விழும். ஒருநாள் அட்டையைக் கழட்டி மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். ஒருத்தருக்கும் காட்டேல்லை. பிறகு ரெண்டு மாசம் சங்கத்துக்கே வரேல்லை.

எனக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு. ஒருநாள் கடையில ஒரு பிளாஸ்டிக் பிஸ்டலைத் திறந்து அவருக்கு முன்னால நீட்டினன்.

"இதை எனக்கேன் காட்டுறீர்?"

"தூக்கிப் பாருங்கோ மைஸ்ரர். உங்கட இரும்பின்ர பாரத்தில அரைவாசிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்."

"நான் செத்த பிறகு தூக்கிறன்."

"செத்த பிறகு கை வலிக்காது, இரும்பையே தூக்கலாம்" எண்டன். எங்களுக்குள்ள அந்தளவு பகிடி ஓடும்.

அவர் சிரிக்கேல்லை. ஆனால் கை நீட்டி வாங்கி, குனிஞ்சு பாத்து, விரலை விட்டுத் தடவி, பிறகு தூக்கிச் சுவரைப் பாத்து நேரா நீட்டினார். கை தாழேல்லை. கன நேரம் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிண்டார். "வடிவில்லாத சாமான்" எண்டார். அடுத்த வியாழன் அதோட சங்கத்துக்கு வந்தார். வெடி எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள்ள விழுந்தது. அட்டையை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிஞ்சார். அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் அந்தாள் சந்தோசமா இருந்தது. அதை நான் கண்ணால கண்டனான். அந்தப் பிஸ்டலைப் பற்றி ஆர் என்ன சொன்னாலும், அந்த ரெண்டு வருசத்தைக் குடுத்தது அதுதான்.

பிறகு கண் பார்வை குறைஞ்சுது. குளியலறையில ரெண்டு தரம் விழுந்தார். ஒரே மகள் கட்றீன், ஹனோவரில பள்ளிக்கூட ரீச்சர். அவ பாவம், கிழமைக்கு மூண்டு தரம் வேலை முடிய ஓடி வந்து சமைச்சு வைச்சுப்போட்டுப் போவா. ஏலாமல் போய், வயோதிபர் இல்லம் ஒண்டில இடம் பாத்தா. இல்லத்துக்குத் துவக்கு கொண்டுபோகேலாது. திங்கட்கிழமைக்கு துவக்குப் பதியிற அலுவலகத்தில ரெர்மீன் எடுத்து, அந்த நேரத்துக்குத் துவக்குகளை அங்க ஒப்படைக்கிறது எண்டு முடிவாச்சு. மைஸ்ரர் என்னட்ட அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. கட்றீன்தான் சொன்னவ.

அந்தத் திங்களுக்கு முதல் வந்த வியாழக்கிழமை சங்கத்தில நான்தான் மேற்பார்வை. சுட்டு முடிஞ்ச ஆக்கள் பெட்டிக்குள்ள வைக்க முதல் துவக்கைத் திறந்து மேற்பார்வைக்காரருக்குக் காட்டவேணும். அவர் பாத்து ஓம் எண்டால்தான் மூடலாம். மைஸ்ரர் கடைசியாச் சுட்டு முடிச்சார். காட்டினார். பெட்டியை மூடினார். போனார்.

சனிக்கிழமைகளில காலமை சுடச்சுடப் பாண் வாங்கிக்கொண்டு அவற்ற வீட்டை போறது என்ர வழக்கம். வீட்டுக் கதவின்ர திறப்பு என்னட்ட ஒண்டு இருந்தது. அந்தச் சனியும் போனன். குசினி மேசையில பேப்பர் விரிச்சிருந்தது. தூரிகை, எண்ணெய்ப் போத்தல், மடிச்ச துணி. பிளாஸ்டிக் பிஸ்டலின்ர மகசீன் கழட்டிப் பக்கத்தில நேரா வைச்சிருந்தது. மைஸ்ரர் கதிரையில இருந்தார். எங்க பட்டது எண்டதை நான் எழுதமாட்டன். பாண் பையைக் கையில பிடிச்சபடியே பொலிசுக்கு அடிச்சன். எனக்கு அழுகை வரேல்லை. அழுகை பேந்துதான் வந்தது, கன மாசத்துக்குப் பிறகு, பாண் கடையில வரிசையில நிக்கேக்க.

பொலிஸ் வந்தது. கொஞ்ச நேரத்தில கட்றீனும் வந்தா. உள்ளுக்குப் போக விடேல்லை. மாடிப்படியில இருந்தா, நானும் ஒரு படி கீழ இருந்தன். அவ என்ர கையைப் பிடிச்சா. பிடிச்ச பிடி இண்டைக்கும் தெரியுது.

"அன்ரோன், நேற்றுப் பின்னேரம் ரெலிபோனில அப்பாவோட சண்டை. அவர் இல்லத்துக்கு வரமாட்டன் எண்டார். நான் களைச்சுப்போய் இருந்தன். 'நீங்கள் எனக்கு ஒரு பெரிய சுமை, அது உங்களுக்கு விளங்குதோ இல்லையோ' எண்டு சொல்லிப்போட்டன். அவர் ரெலிபோனை வைச்சிட்டார்." திரும்பி வீட்டுக் கதவைப் பாத்தா. "உங்களுக்குத்தான் துவக்கைப் பற்றித் தெரியும். எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. அவர் துடைக்கேக்க நடந்ததோ? இல்லாட்டி என்ர சொல்லாலயோ?"

என்னைப் பெத்த அப்பு செத்த அண்டு காலமை நான் அவரோட கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டனான். அது என்ன சண்டை எண்டதே இப்ப மறந்துபோச்சு. ஆனால் கடைசியாச் சொன்ன சொல்லு மறக்கேல்லை. நாப்பது வருசமாப் போகுது. இந்தப் பிள்ளை என்ன கேக்குது எண்டு எனக்குத் தெரியாதோ?

பொலிஸ்காரி வெளியில வந்து கேட்டா, "வியாழக்கிழமை சங்கத்தில மேற்பார்வை ஆர்?"

"நான்."

"அவர் போக முதல் துவக்கின்ர அறையைப் பாத்தனீங்களோ?"

கட்றீன் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தா.

"இல்லை" எண்டன். "அவர் என்ர மைஸ்ரர். அவற்ற துவக்குக்குள்ள குனிஞ்சு பாக்க எனக்குக் கூச்சமா இருந்தது. தலையை மட்டும் ஆட்டினன். ஒரு ரவை அறைக்குள்ளயே கிடந்து வீட்டை வந்திருக்கவேணும். அவருக்குக் கண் தெரியாது. இந்தப் பிஸ்டலில கழட்ட முதல் விசையை அமத்தவேணும். பழைய இரும்புப் பிஸ்டல் எண்டால் இது நடந்திராது. இதை வாங்கச் சொன்னதும் நான்தான்."

கட்றீன் கையை விட்டா. மெதுவாத்தான் விட்டா. முதல் அவவின்ர தோள் இறங்கினதை நான் பாத்தன். தன்ர சொல்லால இல்லை எண்ட ஆறுதல் அது. பிறகு என்னைப் பாத்தா. அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழும் காணாது. "முப்பது வருசம் அப்பா உங்களுக்கு ஒண்டே ஒண்டைத்தானே சொல்லித் தந்தவர்" எண்டா. அதுக்குப் பிறகு இண்டு மட்டும் அவ என்னோட ஒரு சொல்லுக் கதைச்சதில்லை. செத்தவீட்டில கோயிலின்ர கடைசி வாங்கில இருந்தன். அங்கயும் வேண்டாம் எண்டு ஆள் அனுப்பிச் சொல்லிச்சினம். வெளியில மழைக்குள்ள நிண்டன்.

என்னில ஒரு விசாரணை நடந்து, இழுபட்டு, பேந்து நிப்பாட்டிச்சினம். மேற்பார்வை வேலை போச்சு. சங்கத்தில கதைச்ச ஆக்கள் கதைக்காமல் விட்டினம். கட்றீன் கடையை வித்தா. புது முதலாளி என்னை ஒரு வருசம் வைச்சிருந்தார், பிறகு நானே பென்சன் எடுத்தன். அந்தப் பிஸ்டலை ஊரில ஆரும் வாங்காமல் விட்டதும் அதோடதான். கடைக்கு வாற சனம் என்னைக் கண்டு குரலைத் தாழ்த்திறதை நான் காணாத மாதிரி அரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். மனிசி ஒண்டும் கேக்கேல்லை. ஒருநாள் மட்டும் சோறு போட்டுக்கொண்டு சொன்னா, "வீட்டில கேத்திலைக்கூட ரெண்டு தரம் நிப்பாட்டிப் பாக்கிற மனுசன் நீங்கள். உங்கட கதையை நான் நம்பேல்லை. ஆனால் கேக்கமாட்டன்." தாலி கட்டினவளுக்கு ஒளிக்கேலுமோ.

தமிழ்ப் பூசைக்கு வாற சாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொன்னன், பொலிசிட்டப் பொய் சொன்னனான் எண்டு. "மனஸ்தாபப்படுறீரோ, மனம் வருந்துறீரோ?" எண்டு கேட்டார். "இல்லைச் சாமி, பொய்க்கு இல்லை" எண்டன். அப்ப எதுக்கு வந்தனீர் எண்டு கேட்டார். நான் எழும்பி வந்திட்டன்.

எதுக்குப் போனனான் எண்டு இப்ப சொல்லுறன்.

அந்த வியாழன் நான் தலையை மட்டும் ஆட்டினது எண்டது சுத்தப் பொய். மைஸ்ரர் பிஸ்டலைத் திறந்து நீட்டினார். நான் குனிஞ்சு பாத்தன். சின்னவிரலை விட்டன். எடுத்துப்போட்டுத் திரும்பவும் விட்டன். மைஸ்ரர் தந்தால் ரெண்டு தரம். அறை வெறுமையா இருந்தது. விரல் நுனியில கரி மட்டும்தான். சனிக்கிழமை அந்த மேசையைக் கண்ட உடனயே எனக்கு விளங்கிட்டுது. ரவை தானா வீட்டை வரேல்லை, அவரே அறைக்குள்ள போட்டது. தன்ர இரும்புப் பிஸ்டலை விட்டுப்போட்டு, தான் முப்பது வருசம் திட்டின அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்து, பேப்பர் விரிச்சு, துணி மடிச்சு வைச்சிருந்தார். அதிலதான் துடைக்கேக்க நடந்தது எண்டு ஒரு பிள்ளையை நம்ப வைக்கலாம். அவர் மகளுக்காக விரிச்ச பேப்பரில ஒரு ஓட்டை இருந்தது. அது என்ர விரல், அறை வெறுமை எண்டு அறிஞ்ச விரல். அதை நான் மூடினன், அவ்வளவுதான். பிஸ்டலில பிழை இல்லை. அதுக்கு வந்த கெட்ட பேரைத் துடைக்க எனக்கு வழியும் இல்லை.

நான் மனஸ்தாபப்படுறது வேற ஒண்டுக்கு. அந்த வியாழன், பெட்டியை மூடிக் கையில எடுத்துக்கொண்டு வாசல் மட்டும் போன மைஸ்ரர் நிண்டு திரும்பினார். சுட்டு முடிஞ்சுது, எல்லாரும் போயிட்டினம், நான் நிலத்தில கிடந்த கோதுகளைக் கூட்டிக்கொண்டு நிண்டன். அவர் என்னைப் பாத்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். கன வருசத்துக்குப் பிறகு. அந்தாள் தன்ர சொல்லை மீறேல்லை, சுட முதல் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனது. என்ன மைஸ்ரர் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தும்புத்தடியைப் போட்டுட்டுக் கூட நடந்து போயிருக்கலாம். நான் பழைய பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு, பதிலுக்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினன்.